கட்டியும் விசாரணையும்

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. சிவகாசியில் காலண்டர் அச்சகங்கள் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடும் நாள். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சகத்திலும் காலையில் ஆல்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போட்டிருக்கிறார்கள். மதியம் சாத்தூருக்கு வந்து சாப்பிட்டார். இரண்டு பைகளிலும் ஆல்பங்களை அடுக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார். நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு அதே லைன்தான். இனி மாதக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார்.

போகும்போது, "இந்தாங்க ஏட்டம்மா, உங்க ரோந்துக்கு" என்று ஒரு சாம்பிள் டைரியைக் கொடுத்தார். ஜனவரிக்கு மட்டும் தேதி அச்சடித்திருக்கிறது. மற்ற பக்கங்கள் வெறுமை. தேதியை நானே போட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வருடம் காக்கி போட்டவளுக்கு எழுதாமல் இருக்க வராது.

துணி காயப்போடக் கையைத் தூக்கியபோது வலது கக்கத்தில் இருந்த கட்டி உடைந்தது. வருஷா வருஷம் சூட்டுக்கு வருவதுதான். சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்துப் போட்டேன். மகள் நிலாவின் பள்ளிச் சீருடையில் பொத்தான் தைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

இருக்கன்குடி மாரியம்மன் கோயில் பந்தோபஸ்து ஆரம்பம். ஆடி முடியும்வரை ஆற்றங்கரையில்தான் நிற்க வேண்டும். என்னோடு அனுசுயா. எங்கள் மகளிர் காவல் நிலையத்துக் காவலர், வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, வாய் ஓயாது.

ஆண் போலீஸ்காரர்கள் கருவேலம்புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவார்கள். எங்களுக்கு அது இல்லை. கழிவறை வண்டி ஒன்று நிற்கும், அதன் முன்னால் கோயிலுக்கு வந்த பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அதனால் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போதே ஒரு நாப்கினை வைத்துக்கொள்வோம், மாதவிலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். தண்ணீரும் குடிக்க மாட்டோம். யாரும் சொல்லித் தரவில்லை. முந்தின பேட்ச் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம்.

"நாக்கு ஒட்டுதுக்கா. ஒரு வாய் குடிக்கவா?" என்றாள் அனுசுயா.

"குடிச்சிட்டு?"

"குடிச்சிட்டு டி.எஸ்.பி. ஜீப்பைக் கேப்பேன், வீட்ல விட்டுட்டு வரச் சொல்லி."

வீட்டுக்கு வந்து பேண்ட்டைக் கழற்றியபோது தொடை இடுக்கில், தையல் அழுத்துகிற இடத்தில், மிளகு அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. தொட்டால் வலித்தது.

ஆகஸ்ட் 11

மிளகு சுண்டைக்காய் ஆகிவிட்டது. குக்கர் கேஸ்கட் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14

ஆடிக் கடைசி வெள்ளி. கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே நெருப்புத் துண்டு ஒன்று உருண்டு நகர்வதுபோல் இருந்தது. தீச்சட்டி எடுத்துக்கொண்டு ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். அவளைவிட நான்தான் முகத்தைச் சுளித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து நிலாவின் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குளியலறையைத் தாழிட்டேன். முப்பத்தைந்து வயதாகிறது. ஒரு பிள்ளை பெற்றிருக்கிறேன். அந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தது இதுதான் முதல் முறை.

மூன்று இருக்கின்றன. தொடை இடுக்கில் ஒன்று. பெண்ணுறுப்பின் வெளி மடிப்பில் இரண்டு. சிவப்பு, நடுவில் கொஞ்சம் நீலம். ஒன்றின் தலையில் மஞ்சளாகப் புள்ளி.

கண்ணாடியைக் கழுவினேன். டெட்டால் ஊற்றி மறுபடியும் கழுவினேன். அப்புறம் அதைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். உடைந்துவிட்டது என்று நிலாவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 15

கொடி வணக்கம். சல்யூட் அடிக்கக் கை தூக்கினால் கக்கம் வலிக்கிறது. சவுக்கியமாக நிற்பதுபோல் நின்றேன்.

போன வருடம் நிலையத்துக்கு வந்த ஒரு மனு ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. அவள் புருஷன் டைல்ஸ் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போகிறவன். "எங்கேயோ போயி வாங்கி எனக்குக் கொண்டாந்துட்டான் மேடம், ஒக்கார முடியல" என்று அழுதாள். மாமியார்க்காரி அங்கேயே நின்றுகொண்டு, "எம்மவன் தங்கம். இவ யார்கிட்ட வாங்குனாளோ" என்றாள். வாக்குமூலத்தை எழுதியது நான்தான். ரத்தப் பரிசோதனையில் அவள் சொன்னது சரியாக இருந்தது.

இவர் ஜூலையில் பழைய பாக்கி வசூலுக்கு ஆந்திரா லைன் போய்விட்டு மாதக் கடைசியில் வந்தார். ஆகஸ்ட்டில் எனக்கு இது.

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 17

வாராந்திர ஓய்வு. சேலை கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சாத்தூரில் எந்த மெடிக்கலிலும் என்னைத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் கூட்டம் குறையும்வரை நின்று, "அரிப்புக்கு, புண்ணுக்கு ஏதாவது ஆயின்மென்ட்" என்றேன்.

"எந்த இடத்துல மேடம்?"

"கால்ல."

கொடுத்தான். பாக்கியைத் தரும்போது, "நீங்க சாத்தூர் மகளிர் ஸ்டேஷன்தான? எங்கக்கா கேஸுக்கு வந்தப்ப பாத்திருக்கேன்" என்றான். நான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்காரவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 19

என் துண்டு, சோப்பு, பக்கெட் எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டேன். நிலாவின் துணியோடு என் துணியைச் சேர்த்து ஊறவைப்பதில்லை. அவளுக்கு ஒன்பது வயது, இன்னும் என் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.

"நீ பெரிய பொண்ணாயிட்ட. இனிமே கட்டில்ல தனியாப் படு."

"எதுக்கும்மா? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. சொன்னதக் கேளு."

தரையில் பாய் விரித்துப் படுத்தேன். அவள் கட்டிலின் ஓரத்துக்கு வந்து கையை மட்டும் கீழே தொங்கப் போட்டாள். அந்தக் கையை நான் பிடிக்கவில்லை. பிடிக்காமல் படுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 21

சாப்பாட்டு நேரத்தில் இவருக்குப் போன் செய்தேன். ஓங்கோலில் இருக்கிறார். ஒரு நகைக்கடை ஆர்டர் கைமாறிவிட்டதாம், புலம்பினார். பேச்சோடு பேச்சாக, போன மாசம் ஓங்கோலில் எந்த லாட்ஜில் தங்கினீர்கள் என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, எப்பவும் தங்குறதுதான். ஏன்?"

"சும்மாதான். மூட்டைப்பூச்சின்னு சொன்னீங்கள்ல."

"அது ஒரு பக்கம் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. வாடகையில பாதிய அதுங்க குடுக்கணும்" என்று சிரித்தார்.

நிலையத்தில் நாங்கள் இப்படித்தான் ஆரம்பிப்போம். கேட்க வேண்டியதை முதலில் கேட்கக் கூடாது.

ஆகஸ்ட் 24

அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டேன். ஓங்கோலில் உங்களோடு யார் தங்கினார்கள் என்று. "போன மாசமா? நான் ஓங்கோல்ல தங்கலையே, அன்னைக்கே நெல்லூர் திரும்பி குணசேகரன் ரூம்லல்ல படுத்தேன்" என்றார்.

மூன்று நாளுக்கு முன் லாட்ஜ். இன்று, இவரோடு அதே லைனில் ஆர்டர் பிடிக்கும் குணசேகரனின் ரூம்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 27

ஆயின்மென்ட் போட்ட இரண்டு நாள் அரிப்பு அடங்கியது. பிறகு தோல் வெந்துபோனது மாதிரி ஆகிவிட்டது. கட்டிகள் குறையவில்லை. ஒன்றைப் பிதுக்கினேன். பிதுக்கியிருக்கக் கூடாது. சீழும் ரத்தமும் வந்தது, பக்கத்தில் இன்னொன்று கிளம்பியிருக்கிறது. வாடை வருகிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறதா, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெரிகிறதா என்று தெரியவில்லை. இரண்டு வேளை பவுடர் போடுகிறேன்.

"நடையே மாறிப்போச்சேக்கா. பரேடுக்குப் புதுசா ஏதும் ஸ்டெப்பா?" என்றாள் அனுசுயா.

"செருப்பு கடிக்குது."

"ஷூ போட்டிருக்கீங்க."

"ஷூதான். போய் வேலையப் பாரு."

டாக்டரிடம் போகலாம். போனால் பெயர், வயது, வேலை கேட்பார்கள். மனுதாரர்களைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போகும்போது திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். அங்கே இருக்கிற நர்ஸ்கள் எல்லோரும் என்னை ஏட்டம்மா என்று கூப்பிடுவார்கள். அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் நான் எப்படிப் படுப்பது?

செப்டம்பர் 2

அவர் வந்தார். கேட்டுவிட்டேன்.

செப்டம்பர் 3

நேற்று எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

நிலா பள்ளிக்குப் போன பிறகு நடந்தது. அவர் குளித்துவிட்டுத் தோசைக்கு உட்கார்ந்தார். எனக்கு மதியம்தான் டியூட்டி. ஆனாலும் யூனிஃபார்ம் போட்டிருந்தேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் போட்டேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். நான் நின்றேன், அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஜூலையில ஓங்கோல்ல ராத்திரி எங்க இருந்தீங்க?"

"இதையே எத்தன தடவ கேப்ப?"

"ஒரு தடவ லாட்ஜ்ங்கிறீங்க. ஒரு தடவ குணசேகரன் ரூம்ங்கிறீங்க."

"பதினஞ்சு வருஷமாப் போறேன் பேச்சி. எந்த மாசம் எங்க படுத்தேன்னு பெட்ஷீட்டைக் கேட்டாத்தான் தெரியும்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். "என்ன விஷயம்? யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எவகிட்டப் போனீங்க?"

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. முகத்தில் முதலில் எதுவுமே இல்லை. குற்றம் செய்தவன் முகத்திலும் அப்படித்தான் இருக்கும், செய்யாதவன் முகத்திலும் அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இது வீடா, ஸ்டேஷனா?" என்றார்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."

"எதுக்கு?"

எதற்கு என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அழுதுவிடுவேன். அழுதால் விசாரணை போய்விடும்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து சட்டையை மாட்டினார். வாசலில் நின்று, "நான் என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லு" என்றார். பதினைந்து நாளுக்கு முன்னால் நிலாவும் இதையேதான் கேட்டாள்.

செப்டம்பர் 5

டியூட்டிக்குக் கிளம்பும்போது மேசையில் என் தொப்பி மேல் ஒரு தாள் இருந்தது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை முடிவு. எச்.ஐ.வி. இல்லை. மேகநோய்க்குப் பார்க்கிற வி.டி.ஆர்.எல். சோதனையிலும் ஒன்றும் இல்லை. தாள் கசங்காமல் நேராக இருந்தது.

இந்த டெஸ்ட் எடுக்கிற கவுன்சலிங் அறைக்கு வெளியே பெஞ்சு போட்டிருப்பார்கள். எதிரே மருந்து கொடுக்கிற வரிசை. சிவகாசியில் பாதிப் பேருக்கு இவரைத் தெரியும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"அச்சகத்துல பைண்டிங் செக்சன் ஆளு பாத்துட்டான். 'என்னண்ணே, ஆந்திரா சரக்கா'ன்னு கேட்டான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணும். ஒடனே தெரியாது."

உண்மைதான், அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் என் வாயிலிருந்து அது வந்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 6

முடிவு அவருக்கு நல்லதாக வந்துவிட்டது. எனக்கு நிம்மதி வரவில்லை. பயம் இன்னும் பெரிதாகிவிட்டது.

அவரிடமிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தது? கேட்பவர்கள் கேட்பார்கள். 'யார்கிட்ட வாங்குனாளோ.' அந்த மாமியார்க்காரியின் குரல் காதில் அப்படியே இருக்கிறது. நான் யாரிடமும் போகவில்லை என்று எந்தத் தாளைக் காட்டுவேன்?

அந்த நோய் இல்லையென்றால் புற்றாக இருக்கலாம். எங்கள் பெரிய அத்தைக்குக் கர்ப்பப்பையில் வந்து கடைசியில் இப்படித்தான் வாடை அடித்தது. நிலா என் பக்கம் வந்தால் தள்ளி நிற்கச் சொல்கிறேன். காலையில் அவளே தலை சீவிக்கொண்டாள். வகிடு கோணல்.

செப்டம்பர் 7

அவர் விஜயவாடா லைனுக்குப் போய்விட்டார். நிலாவிடம் சொல்லிக்கொண்டார். என்னிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். கோர்ட் சம்மன் இரண்டு கொடுத்தேன்.

செப்டம்பர் 16

பிள்ளையார் ஊர்வலத்தன்று விழுந்துவிட்டேன். இன்றுதான் எழுத முடிகிறது.

சிலைகளைக் கரைக்கக் கொண்டுபோகிற வழியில் மேளச் சத்தத்துக்கு நடுவே கண் இருட்டியது. லத்தியை ஊன்றிப் பார்த்தேன், நிற்க முடியவில்லை. அனுசுயாதான் தாங்கிப் பிடித்து ஒரு கடைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். என் பேண்ட்டில் ஈரத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது? தீட்டா?"

இல்லை என்று தலையசைத்தேன். அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, கட்டியை மட்டும். அவள் பின்வாங்குவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்காக்கா ஒரு மாசமா பொய் சொன்னீங்க? செருப்பு கடிக்குது, ஷூ கடிக்குதுன்னு?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே என் நெற்றியைத் துடைத்தாள்.

மறுநாள் விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோல் டாக்டர், பெயர் ஹமீதா. ஐம்பது வயதிருக்கும். திரையை இழுத்துவிட்டாள் நர்ஸ். நான் படுத்தேன். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டேன்: "டாக்டர், நான் அப்படிப்பட்டவ இல்ல. எங்க வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் பாத்தாச்சு. இல்லன்னு வந்திருச்சு."

டாக்டர் குனிந்து பார்த்தார். கையுறை போட்ட விரலால் சுற்றிலும் அழுத்தினார்.

"இது எப்ப இருந்து?"

"போன மாசத்துல இருந்து."

"அதுக்கு முன்னாடி? கக்கத்துல வந்திருக்கா?"

"அது சூட்டுக் கட்டி டாக்டர். வெயிலுக்கு வரும்."

"கையத் தூக்குங்க."

தூக்கினேன். இரண்டு கக்கத்தையும் பார்த்தார். பழைய தழும்புகள் கயிறு மாதிரி ஓடியிருப்பதை விரலால் தடவிக் காட்டினார். ஒரே இடத்தில் இரட்டைக் கரும்புள்ளிகள் இருந்தன. "எத்தன வருஷமா சூடு?" என்றார்.

நிலா பிறந்ததிலிருந்து. சொன்னேன்.

"அப்ப ஒம்பது வருஷ நோய். இடம்தான் புதுசு."

ஹைட்ராடினைட்டிஸ் என்றார். அனுசுயாவிடம் எழுதி வாங்கச் சொல்லி எழுத்தைச் சரிபார்த்தேன். மயிர்க்கால் தோலுக்கு உள்ளேயே அடைத்துக்கொண்டு, வீங்கி, உடைந்து, ஒன்றோடொன்று சுரங்கம் மாதிரி சேர்ந்துகொள்ளுமாம். கக்கம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பிறப்புறுப்பைச் சுற்றி, தோலும் தோலும் உரசுகிற இடத்தில்தான் வரும். உடலுறவால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அழுக்கால் வருவதுமில்லை.

"அப்ப அந்த மாதிரி நோய்க்கும் கட்டி வரும்ல டாக்டர்?"

"வரும். ஒரு வகையில சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக் கூட்டமா வந்து, உடைஞ்சு எரியும். இன்னொண்ணுல வலியே இல்லாமப் புண்ணு வரும். சவரம் பண்ணி முடி உள்ள வளைஞ்சாலும் கட்டி வரும். பெண்ணுறுப்பு வாசல்ல இருக்கிற சுரப்பி அடைச்சா ஒரு பக்கமா முட்டை மாதிரி வீங்கும். பாத்துத் தொட்டாத்தான் எதுன்னு தெரியும். வீட்ல உக்காந்து யோசிச்சா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெடிக்கல்ல ஆயின்மென்ட் வாங்கிப் போட்டீங்களா?"

"ஆமா."

"பிதுக்குனீங்களா?"

"ஆமா."

"போலீஸ்காரங்கதான் உண்மைய வாங்குவீங்கன்னு நெனைச்சேன்" என்று சிரித்தார்.

புற்றா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் பொறுமையாக இல்லை என்றார். ஆனால் முழுக்கப் போய்விடும் என்று சொல்லவில்லை. அடங்கும், திரும்ப வரும், கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றார். நாள் முழுக்க ஈரத்தோடு நாப்கினும் இறுக்கமான பேண்ட்டுமாக நிற்பது இருக்கிறதைக் கிளறிவிடும் என்றார். அனுசுயா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தார்கள். மற்றதற்கும் எடுத்தார்கள், நானே கேட்டேன். எதுவும் இல்லை என்று மாலையில் வந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, சீழ் கட்டிய பெரிய கட்டியைக் கீறி எடுத்தார். ஆறும்வரை தினமும் கழுவித் துணி வைத்துக் கட்ட வேண்டும். எனக்கு அந்த இடம் எட்டாது, தெரியாது. "வீட்ல யாரு இருக்காங்க?" என்றார் டாக்டர்.

அனுசுயா முந்திக்கொண்டு, "நான் கட்டுறேன்" என்றாள்.

நேற்று நிலாவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். "ஒட்டாதாம்மா?" என்று கேட்டாள். நான் எதுவும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்தது இவளுக்கு?

செப்டம்பர் 17

அனுசுயாவுக்கு நாளை மறுநாளிலிருந்து ராமநாதபுரம் பந்தோபஸ்து. எனக்கு இனி யார் கட்டுப் போடுவார்கள் என்று அழாத குறையாக நின்றாள்.

இவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"சொல்லு. இன்னும் என்ன டெஸ்ட் பாக்கணும்?"

சொன்னேன். மிளகு அளவில் இருந்ததிலிருந்து. கண்ணாடி, ஆயின்மென்ட், கீறியது எல்லாம். அது என்ன நோய், எதனால் வருவதில்லை என்பதை டாக்டர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். அந்தப் பக்கமிருந்து பஸ் ஹாரனும் தெலுங்கில் ஊர்ப் பெயரைக் கூவுகிற சத்தமும்தான் கேட்டன. கேட்கிறாரா என்று பார்க்க, "இருக்கீங்களா?" என்றேன்.

"என்னயக் கேட்டியே பேச்சி, ஜன்னலச் சாத்திட்டு. அப்ப இதுக்காகன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"எங்கிட்டயா?"

போனை வைத்துவிட்டார்.

செப்டம்பர் 19

காலையில் வந்து இறங்கினார். கையில் ஆல்பப் பைகள் இல்லை. குணசேகரனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்த மாதம்தான் பெரிய ஆர்டர்கள் விழும். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என்னோடு பேச்சு இல்லை. எல்லாம் நிலா வழியாகத்தான். "ஒங்கம்மா மாத்திரை போட்டாச்சான்னு கேளு." பக்கத்தில்தான் நிற்கிறேன். "போட்டாச்சாம்ப்பா" என்று நிலா சொன்னாள். "வெறும் வயித்துலயான்னு கேளு." "நீங்களே கேளுங்கப்பா, எனக்கு வாய் வலிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் விளையாட ஓடிவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம்.

அனுசுயா போகுமுன் அவருக்குப் போனில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் போல. அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறவைத்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஜன்னலைச் சாத்தப் போனவர், பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, திரையை மட்டும் இழுத்துவிட்டார்.

"படு" என்றார்.

குளியலறையில் கண்ணாடியோடு நின்றபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. நோய்க்குப் பயந்தது வேறு. இவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? பதினோரு வருடக் கல்யாணத்தில் விளக்கு வெளிச்சத்தில்கூடக் காட்டியதில்லை. இப்போது பட்டப்பகலில், சீழோடு, வாடையோடு. அதுவும் இந்த மனுஷனிடம்.

படுத்தேன். சேலையை விலக்கிவிட்டுக் கையால் கண்ணை மூடிக்கொண்டேன்.

பழைய துணியை ஈரப்படுத்தி ஊறவிட்டு எடுத்தார். அவர் மூச்சு ஒரு நொடி நின்றது கேட்டது. திருப்பிக்கொண்டாரா என்று விரல் இடுக்கில் பார்த்தேன். இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், அச்சில் மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. புதுத் துணியை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தார், ஆல்பத்தின் தாளில் கைரேகை படாமல் புரட்டுவாரே, அப்படி. அந்தக் கையில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகத்தான் இருந்தது.

மருந்து பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார்.

"கேட்டா உண்மையைச் சொல்லு."

"வலிக்குது" என்றேன். "ரொம்ப வலிக்குதுங்க."

அவர் துணியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். நான் கண்ணிலிருந்து கையை எடுத்தேன். அப்புறம், இன்னும் மெதுவாக, மறுபடி வைத்தார்.